குளியலறைக்கு ஒரு பலகை

மூன்றாவது பலகையையும் தட்டியாயிற்று. பால்வண்ணம் ஆள்காட்டி விரலை மடக்கி, ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, எதிர் ஓரத்தில் ஒரு தட்டு என்று முறை பிசகாமல்தான் தட்டினார். தட்டிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, விஷயம் தெரிந்தவர் யோசிப்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். பிளைவுட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து சுவரில் சாத்திக்கொண்டிருந்த சுமைக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்து நின்றார். நல்ல பலகை எங்கே தட்டினாலும் ஒரே குரலில் பேசும், உள்ளே பொத்தல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் குரல் மாறும், இது பால்வண்ணத்துக்குத் தெரியும். மில்லை விட்டு வந்த இந்த ஒன்பது வருஷத்தில் வீட்டுக்கு முக்காலி செய்திருக்கிறார், செருப்பு வைக்கிற தட்டு செய்திருக்கிறார், சாமி படத்துக்கு அலமாரி செய்திருக்கிறார். ஓரத்து அடுக்குகள் கோடு போட்ட நோட்டுப்போல நேராக ஓட வேண்டும், ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் உள்ளே துண்டு துக்காணியைப் போட்டு ஒட்டியிருக்கிறான் என்று பொருள். ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் முறுக்கு தெரிந்துவிடும். பசை எப்படி என்று அறிய முந்தாநாளே இந்தக் கடையில் கையகலத் துண்டு ஒன்று வாங்கிப்போய், பழைய ஈயச் சட்டியில் தண்ணீர் விட்டு நேற்றுக் காலையிலிருந்து மத்தியானம் வரை கொதிக்க வைத்தார். மனைவி ஆவுடை கட்டிலில் இருந்தபடியே, உப்புப் போட்டாச்சா, ஒரு கொத்து கருவேப்பிலையும் கிள்ளிப் போடுங்க என்றாள். துண்டு பிரியவில்லை. ஆனால் கொதித்த துண்டு பசையைப் பற்றித்தான் சொல்லும். இதோ சுவரில் சாய்ந்திருக்கும் இந்தப் பலகைக்குள் ஓட்டை இருக்கிறதா என்பதைத் தட்டிக் கேட்டால்தான் உண்டு. பலகையின் மூலையில் நீல மையில் ஏதோ முத்திரை. இங்கிலீஷ். இங்கிலீஷ் எழுத்தில் தன் மில் டோக்கன் நம்பரையும் பஸ் போர்டையும் தவிர வேறு எதையும் அவர் படித்ததில்லை. எண்கள் தெரிந்தன, ஏழு ஒன்று சைபர். தண்ணீர் தாங்குகிற மரைன் பலகைக்கு அந்த எண்தான் என்று யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது. யாரோ இல்லை. மச்சினன் குற்றாலம் சொன்னது. அந்தப் பெயரை மனசுக்குள்ளேயே தாண்டிப் போனார், சாணியை மிதிக்காமல் தாண்டுவதுபோல. மூன்று பலகையும் அவர் காதுக்கு ஒரே குரலில்தான் பேசின. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் யாரோ மாவு இடிப்பதுபோல, விரலில் வலியும் தூரத்தில் ஒரு தொம்மும். “அடுத்தத எடுங்க” என்றார். “இதுக்கு என்ன கொறச்சல் அண்ணாச்சி?” என்று கேட்டார் சுமைக்காரர். “கொறச்சல்னு இல்ல. எடுங்களேன்.”

முப்பத்தொரு வருஷம் நூல் மில்லின் ஸ்பின்னிங் இரைச்சலில் நின்ற காது. இடது காது போய் எவ்வளவோ காலம் ஆகிறது. வலது காதில் பாதிதான் மிச்சம், அதுவும் ஆள் முகத்தைப் பார்த்தால்தான். மில்லில் எல்லாருக்கும் அப்படித்தான், அங்கே வாயசைவிலேயே கதை, வாயசைவிலேயே சண்டை, வாயசைவிலேயே கெட்ட வார்த்தை. அதனால் வெளியே வந்த பிறகும் யாருக்கும் தெரியாமல் ஓட்ட முடிந்தது. கேட்காத இடத்தில் கோபித்துக்கொண்டால் போதும். கோபக்காரரிடம் யாரும் இரண்டாம் தடவை சொல்லமாட்டார்கள், அல்லது கத்திச் சொல்வார்கள், எப்படியும் லாபம்தான். ஆனால் ஆவுடை விழுந்த அன்றைக்கு முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் குளியலறைக்குள் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. உட்கார்ந்து குளிக்கப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் ஈரத்தில் அகண்டு வழுக்கி, ஆள் பக்கவாட்டில் சரிந்து, இடுப்பு தரையில். முன்கூடத்தில் அவர் முக்காலிக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டாளாம். வாளியைத் தட்டினாளாம். குவளையை எடுத்துக் கதவில் எறிந்தாளாம். அவருக்கு உப்புத்தாளின் சத்தம்கூடக் கேட்கவில்லை, கையில் தூசி படிவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போனவளை இன்னும் காணோமே என்று எழுந்து போனபோது, நனைந்த பாவாடை உடம்பில் ஒட்ட, உதடு நீலமாகக் கிடந்தாள், அழக்கூட இல்லை. எங்க போனீய என்றாள். கடைக்குப் போயிருந்தேன் என்றார். எலும்பு முறியவில்லை, பிசகியதுதான், கட்டுப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. திருப்பூரிலிருந்து மகள் பகவதி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகையில், இன்னொரு தடவை அம்மை விழுந்தா நான் கூட்டிட்டுப் போயிருவேன், இங்க கூப்பிட்டாக் கேக்க ஆள் இல்ல என்றாள். கேட்க ஆள் இல்லை என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், அவருக்குத்தான் அது முதுகில் போட்ட மாதிரி இருந்தது. உங்களையும் கூட்டிப்போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தி எட்டு வருஷம் ஆகிறது, எப்படிச் சொல்வாள்? அது அவர்கள் தப்பு. ஆவுடை போய்விட்டால் அந்த வீட்டில் ஒரு கட்டில், ஒரு சட்டி, அவர். காலையில் காப்பி போட்டுவிட்டு யார் முகத்தைப் பார்ப்பது? யோசனை இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவர் பலகைக்குப் போய்விடுவார். காலே இல்லாத இருக்கை. கால் இருந்தால்தானே வழுக்கும். குளியலறை சுவருக்குச் சுவர் மூன்றேகால் அடி. இரண்டு பக்கச் சுவரோரமும் சிமெண்டுக் கல் அடுக்கி மேலே அகலமாக ஒரே பலகை. கொத்தன் கடப்பாக்கல் போடலாம் என்றான். அது வழுக்கும், மார்கழியில் பனிக்கட்டிபோல் குளிரும், வாடகை வீடு, வீட்டுக்காரரும் சுவரை இடிக்க விடமாட்டார். மெடிக்கல் கடையில் விற்கிற கம்பி ஸ்டூலை ஆவுடை வேண்டாம் என்றுவிட்டாள், ஆஸ்பத்திரிச் சாமான் ஒண்ணு வீட்டுக்குள்ள வந்தா அடுத்தது தானா வரும் என்று. அந்த அகலத்துக்கு ஒற்றைத் தேக்குப் பலகை கிடைக்காது. ஆக பிளைவுட், பத்தொன்பது எம்.எம்., தண்ணீர் தாங்குகிற ஜாதி. ஆனால் நடுவில் பொத்தல் இருந்தால், ஆவுடை சோப்புப் போட ஒரு பக்கம் சாயும்போது, அந்த இடம் முதலில் மெதுவாகப் பஞ்சுபோல அமுங்கும். பிறகு ஒரு நாள் முறியும். முறிகிற சத்தமும் அவருக்குக் கேட்காது.

நான்காவது பலகை வந்தது. அதைச் சாத்தும் நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் அவரைப் பார்த்து ஏதோ கேட்டாள். வாயசைவைப் பார்த்தார், பிடிபடவில்லை. எல்லாம் பிறகு பார்க்கலாம் என்பதுபோல் கையை ஆட்டினார். அவள் எழுந்து பக்கத்தில் வந்து, கார்பெண்டர் பேரு சொல்லுங்க அண்ணாச்சி, பில்லுல போடணும் என்றாள். கார்பெண்டர் இல்லை, நானேதான் செய்கிறேன் என்றார். பரவாயில்லை, தெரிந்த கார்பெண்டர் யார் பெயராவது சொல்லுங்கள், அந்த இடத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் மேலே போகாது என்றாள். யாருமில்லை என்றார். அவள் சிரித்துக்கொண்டே, அப்படின்னா நானே ஒரு பேரைப் போட்டுக்கிடுதேன், எங்க ரெகுலர் ஆளுங்க நாலு பேர் இருக்காங்க, கமிஷன் அவங்களுக்குப் போகும், ஒங்களுக்கு வெல ஒண்ணும் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார் பால்வண்ணம். நானே ஒரு பேரைப் போட்டுக்கிடுதேன். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பில்லில் இருந்த பெயரை அவர் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த மர பீரோ. செய்தது ஆவுடையின் தம்பி குற்றாலம், நல்ல தச்சு வேலைக்காரன் என்று பெயர் எடுத்தவன். மூன்று கதவு, நடுக் கதவில் ஆள் உயரக் கண்ணாடி, மேலே கொடி மாதிரி ஒரு வேலைப்பாடு. வண்டியில் ஏற்றும்போது தெருவே பார்த்தது. ஐப்பசி மழை ஒன்றுதான் அது பார்த்தது. சம்பந்தி வீட்டில் அதை ஈரச் சுவரோரம் வைத்திருந்தார்கள். அடிப்பலகை உப்பிக் கதவு மூடாமல் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. தீபாவளிக்குப் போனபோது சம்பந்தியம்மாள் அத்தனை பேர் முன்னாலும், மருமகளுக்கு முந்தி பீரோ உண்டாயிருச்சே, ஏழாம் மாசம் வளையல் போட வாங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பகவதி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுக்கு அப்போது ஒன்றும் உண்டாகவில்லை, அந்தக் கவலையில் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கூட்டத்தோடு குற்றாலமும் இருந்தான். அவனும் சிரித்தான். சிரித்தானா? வாய் அகன்றதைப் பார்த்தார். ஊருக்கு வந்ததும் பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு பலகை வாங்கிய கடைக்குப் போனார். கணக்குப்பிள்ளை படித்துச் சொன்னான், கார்பெண்டர் குற்றாலம், அவருக்கு உண்டான கமிஷன் அவருக்குப் போயிருக்கும் அண்ணாச்சி, எல்லா இடத்திலயும் உள்ளதுதானே. அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு எழவு வீட்டு வாசலில் வைத்து அந்தப் பில்லை மச்சினன் முகத்தில் எறிந்தார். அக்கா மகள் சீரில் கை வைத்தவன் என்றார். பிணம் எடுப்பதற்கு முன்னால் ஊர் முழுக்கப் பேச்சு அதுதான்.

இப்போது இந்தப் பெண் எவன் பெயரையோ போடப்போகிறாள். அவன் எங்கேயோ எவன் வீட்டு ஜன்னலுக்கோ சட்டம் அடித்துக்கொண்டிருப்பான், அவன் பெயருக்கு இந்தப் பலகை ஏறும். நாளைக்கு இது முறிந்தால் பகவதி அந்தப் பில்லை எடுத்துக்கொண்டு அவன் முகத்தில் எறிவாளா? அப்படி என்றால் அன்றைக்கும், என்று ஆரம்பித்த நினைப்பை அவர் முடிக்க விடவில்லை. அது வேறு, இது வேறு. அன்றைக்குப் பலகை வாங்கப் போனவனே குற்றாலம்தான், கடையில் நின்றவனே அவன்தான், பெயர் தானாக வந்து உட்காரவில்லை. சரி, போனான். போகும்போது என்ன சொல்லி அனுப்பினீர்? பார்த்து வாங்கு என்றேன். பார்த்து வாங்கு என்றுதான் சொன்னார். பதினோரு வருஷமாக, கேட்ட எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார், நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன், பார்த்து வாங்குடான்னேன் என்று. எழவு வீட்டு வாசலில் பில் காலடியில் கிடக்க அவன் ஒன்றே ஒன்று சொன்னான், நான் கேட்டது வேற, நீங்க வாங்கச் சொன்னது வேற அத்தான். அதை அவர் திமிர் என்று எடுத்துக்கொண்டார். திமிர்தான். ஏழு ஒன்று சைபர் என்று பலகை மூலையில் பார்த்ததும் யாரோ சொன்ன ஞாபகம் வந்ததே, எங்கே வைத்துச் சொன்னான்? வீட்டு நடையில். கையில் ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டு வந்திருந்தான். அத்தான், இந்த நம்பர் போட்டது தண்ணிக்குத் தாங்கும், வெல கூட, அடிப்பலகைக்கு மட்டுமாவது இதப் போடுவோம் என்றான். அதற்கு அவர் என்ன சொன்னார்? அப்போது கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது, பந்தல்காரன் வந்து நின்றான், தவில்காரன் வந்து நின்றான், தலையில் ஆயிரம். கண்ணுக்கு நல்லா இருந்தாப் போதும்டே, உள்ள யாரு பாக்கா. சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார். அந்த வார்த்தை மட்டும் தன்னுடைய குரலில், தன்னுடைய வாயசைவோடு, அப்படியே நிற்கிறது. சரி, சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். தச்சனுக்கு அறிவு வேண்டாமா? வைத்தியனிடம் நோயாளி சொல்கிறபடியா மருந்து? அவன் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும், கத்திச் சொல்லியிருக்க வேண்டும். கோபக்காரரிடம் யாரும் இரண்டாம் தடவை சொல்லமாட்டார்கள். போகட்டும், பில்லும் போகட்டும், பலகையும் போகட்டும், தீபாவளியன்று சிரித்தானே, அதற்கு என்ன பதில்? அதை விடமாட்டார். அது ஒன்றையாவது விடமாட்டார்.

“அண்ணாச்சி, அஞ்சும் எறக்கியாச்சு. இதுக்கு மேல உள்ளது பூரா பன்னெண்டு எம்.எம்.தான்” என்றார் சுமைக்காரர். ஐந்து பலகைகள் சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்றன, பெண் பார்க்க வந்த இடத்தில் ஐந்து அக்கா தங்கைகளையும் ஒன்றாக நிறுத்திவைத்த மாதிரி. எல்லாம் சிவப்பு முகம், எல்லாம் வழுவழுப்பு. மறுபடி முதலாவதிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை தட்டும்போது இடது உள்ளங்கையைப் பலகையின் பின்பக்கம் வைத்துப் பார்த்தார். மில்லில் நூல் ஏறும் கதிர் சரியாகச் சுற்றுகிறதா என்பதைக் கை வைத்தே சொல்லிவிடுவார், காது எதற்கு? கையில் அதிர்வு வந்தது. இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதில் நடுவில் கொஞ்சம் மந்தமாகப் பட்டது, அல்லது கை மரத்துவிட்டதா, திரும்பத் தட்டியபோது அப்படிப் படவில்லை. சுமைக்காரரைத் தட்டச் சொல்லி நீர் கேளும் என்று சொல்லலாம். ஆனால் அவர் கடை ஆள், எல்லாமே ஒரே சத்தந்தான் அண்ணாச்சி என்பார். கம்ப்யூட்டர் பெண்ணுக்கு என்ன தெரியும்? ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஐந்தில் நான்கு நல்லதாக இருக்கும், மூன்றாவதும் நல்லதாகத்தான் இருக்கும். யாருக்குத் தெரியப்போகிறது, உள்ளே யார் பார்க்கிறார்கள். இந்த வார்த்தையில் வந்து முட்டிக்கொண்டு நின்றார். குளியலறைத் தரையில் கிடந்த குவளை நெளிந்து போயிருந்தது, அதை நிமிர்த்த எவ்வளவோ பார்த்தார், நிமிரவில்லை. அவ்வளவு வேகத்தில் எறிந்திருக்கிறாள். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். வலது காதோடு அழுத்திக்கொண்டார். ஆவுடை எப்போதும்போல் கத்தித்தான் பேசினாள், என்ன, பலகை எடுத்தாச்சா என்று.

“ஒன் தம்பிய இங்க வரச் சொல்லு.”

“எந்தத் தம்பி?”

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. பதினோரு வருஷமாக வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, அவளும் சொன்னதில்லை, விசேஷ வீடுகளில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வாசலில் ஒரு ஆட்டோ போயிற்று. அது போய் முடியட்டும் என்று இருந்தார்.

“குற்றாலத்த.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒங்களுக்குத் தெரியாத பலகையா என்றாள்.

“தட்டினாக் கேக்கல.”

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“நான் விழுந்த அன்னைக்கும் கேக்கல, என்னா.”

“ஆமா.”

“கடைக்குப் போகல.”

“போகல.”

வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே போய் உட்காருங்கள், அவனுக்கு நான் போன் போட்டுக்கிடுதேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அவர் உள்ளே போகவில்லை. தலைக்கு மேல் வெயில் இறங்கியது. இதையும் ஒரு நாள் சொல்லிக்காட்டுவாள், மூன்று மாதமாகத் தெரிந்துதான் இருந்தாளா, தெரிந்தே சும்மா இருந்தாளா, அப்படியானால் அது அவள் தப்பு இல்லையா என்று யோசித்துப் பார்த்தார். அந்தக் கோபம் பிடிபடாமல் நழுவியது.

குற்றாலம் பழைய மொபெட்டில் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, அது அவருக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது, தன்னைவிட ஆறு வயது சின்னவன். வணக்கம் சொல்லவில்லை, சௌக்கியம் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நேராகப் பலகைகளுக்கு முன்னால் போய் நின்று, பென்சிலின் பின்முனையால் தட்டினான். மேலே, நடுவில், கீழே, மூலையில். இரண்டாவதைத் தட்டியதும் அதைப் பிடித்துத் தனியாகச் சாய்த்து வைத்தான். மூன்றாவதின் நடுவில் மூன்று தடவை தட்டிவிட்டு அதையும் தள்ளினான். “நடுவுல பொத்தல்” என்றான், யாரைப் பார்த்தும் இல்லாமல். எனக்கும் அதில் சந்தேகந்தான் என்றார் பால்வண்ணம். ஐந்தாவதில் பென்சில் மேலிருந்து கீழ்வரை நிற்காமல் போயிற்று. குற்றாலம் சுமைக்காரரைக் கூப்பிட்டு, அக்கா போனில் சொன்ன அளவுக்கு அதைக் குறுக்கே வெட்டச் சொல்லி, வெட்டிய ஓரத்தை விரலால் தடவி, நகத்தால் குத்திப் பார்த்தான். பிறகு கடைக்குப் பின்னால் கிடந்த இரண்டு மரக்கட்டைகளை உருட்டிவந்து இரண்டரை அடி இடைவெளியில் போட்டு, அதன் மேல் பலகையை வைத்தான். அக்கா எடை எவ்வளவு இருக்கும் என்று கேட்டான். நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது கல்யாணமாகி. பால்வண்ணத்துக்குத் தெரியவில்லை. சும்மா ஒரு எண்ணைச் சொல்லலாமா என்று பார்த்தார், சொல்லவில்லை. அப்படின்னா ரெண்டு பேரும் உக்காருவோம், நம்ம ரெண்டு பேரையும் தாங்கினா அக்காவத் தாங்கும் என்றான் குற்றாலம். முதலில் அவன் உட்கார்ந்தான். அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் தோள் இடித்தது, பலகை அவ்வளவு சின்னது. பாரம் ஏறின உடனே பலகை சொல்லாது, கொஞ்ச நேரம் ஆகும் அத்தான் என்றான். அதுவரைக்கும் கேட்டது. பிறகு பக்கத்தில் வெட்டுகிற மிஷினைப் போட்டார்கள். பார்க்கிற மாதிரி எதுவும் இல்லாததால் இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். உட்காரும் இடத்துக்குக் கீழே ஏதாவது அமுங்குகிறதா என்று அவர் உடம்பு முழுவதையும் அங்கே கொண்டுபோய் வைத்துக் கவனித்தார். ஒன்றும் அமுங்கவில்லை. இடப்பக்கம் ஏதோ அசைந்த மாதிரி இருந்து ஓரக்கண்ணால் பார்த்தார், குற்றாலத்தின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே நீளமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். பீரோவைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றி இருக்கும், பதினோரு வருஷம் அடக்கி வைத்ததைச் சொல்ல நல்ல இடம் பார்த்தான். எழுந்து போய்விடலாம். காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம், அது பொய்கூட இல்லை. உம் என்று ஒரு வார்த்தை போட்டால் அவன் அதற்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வான், அதோடு போகும். சுமைக்காரர் மிஷினை நிறுத்தினார். குற்றாலம் பேச்சை முடித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற முகத்தோடு திரும்பினான்.

“அந்தக் காது இல்ல” என்றார் பால்வண்ணம். “இந்தப் பக்கம் வந்து உக்காந்து சொல்லு.”

குற்றாலம் எழுந்து, மரக்கட்டையைச் சுற்றி வந்து, அவரை நகரச் சொல்லி வலப்பக்கம் உட்கார்ந்தான்.

“பலக மட்டும் போதாது அத்தான், சுவர்ல ஒரு கைப்பிடி வைக்கணும்னு சொன்னேன். வீட்டுக்காரர்ட்ட நான் பேசுதேன், ரெண்டே ரெண்டு துளைதான். அக்காவுக்கு எந்தக் கை தாங்கும்?”

“இடது” என்றார் பால்வண்ணம். “எந்திரிக்கையில என் தோள அந்தக் கையாலதான் பிடிப்பா.”